முதலில் வாழ்க்கை, பிறகு வரலாறு: யூதர்களைப் பற்றிய நூல்களைப் பிள்ளைகளுக்குத் தேர்ந்தெடுத்தல்

நம் ஊர்ப் பிள்ளைகள் யூதர்களைப் பற்றி முதன்முதலில் எங்கே கேள்விப்படுகிறார்கள்? சிலர் ஞாயிறு பள்ளியில் கேட்டிருப்பார்கள். சிலருக்கு வெனிஸ் வணிகன் கதைச் சுருக்கத்தில், கடனுக்கு ஈடாகச் சதையை அறுத்துக் கேட்கும் ஷைலாக்காக அறிமுகம் ஆகியிருக்கும். இன்னும் சிலர் இரண்டாம் உலகப் போர்ப் பாடத்தில் ‘60 லட்சம் பேர்’ என்ற எண்ணிக்கையை மனப்பாடம் செய்திருப்பார்கள். இந்த வழிகள் எதிலும் ஒரு யூத வீட்டின் சமையலறை தெரிவதில்லை. அக்கா தங்கை சண்டையோ, பண்டிகைக்கு முந்தின நாள் பரபரப்போ, தாத்தா சொல்லும் வேடிக்கைக் கதையோ கண்ணில் படுவதே இல்லை. பிள்ளைக்கு அந்த மக்கள் வில்லனாகவோ பிணக்குவியலாகவோதான் வந்து சேர்கிறார்கள்.

ஆகவே இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்துவது புத்தகங்களின் வரிசையை. யூதர்கள் எப்படிக் கொல்லப்பட்டார்கள் என்ற நூலைப் பிள்ளையின் கையில் கொடுப்பதற்கு முன்னால், அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், வாழ்கிறார்கள் என்று சொல்லும் இரண்டு நூல்களையாவது கொடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வாங்கினாலும் பள்ளி நூலகத்துக்கு வாங்கினாலும் இதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

வாழ்வைச் சொல்லும் நூல்கள்

எட்டிலிருந்து பதினொரு வயதுப் பிள்ளைக்கு என் முதல் பரிந்துரை சிட்னி டெய்லர் எழுதிய ‘ஆல் ஆஃப் எ கைண்ட் ஃபேமிலி’. 1951இல் வெளிவந்தது. 1912ஆம் ஆண்டு வாக்கில் நியூயார்க்கின் ஏழைக் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த கீழ்க்கிழக்குப் பகுதியில் ஐந்து சகோதரிகள் வளரும் கதை. அப்பா பழைய சாமான் கடை வைத்திருக்கிறார். முதல் அத்தியாயமே நூலகத்தில்தான் தொடங்குகிறது. சாரா இரவல் வாங்கிய புத்தகத்தைத் தொலைத்துவிட்டாள். விலையை ஒரே தடவையில் கட்டப் பணம் இல்லை. வாரா வாரம் கொஞ்சம் காசாகக் கட்டிக்கொள்ளலாம் என்கிறார் நூலகர். அடுத்து, வீட்டைத் தூசி தட்ட மறுக்கும் பெண்களுக்காக அம்மா ஒரு உபாயம் செய்கிறார். அறையின் மூலை முடுக்குகளில் பொத்தான்களை ஒளித்து வைத்து, ஒழுங்காகத் துடைத்தவர்களுக்குத்தான் எல்லாம் கிடைக்கும் என்று விட்டுவிடுகிறார். எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்தப் பகுதியைப் படித்த பிள்ளைகள் தங்கள் வீட்டிலும் பொத்தான் ஒளித்து விளையாடினார்கள். வெள்ளிக்கிழமை மாலை மெழுகுவத்தி ஏற்றித் தொடங்கும் ஷபாத் ஓய்வு நாளும், வீட்டில் காய்ச்சல் பரவியிருக்கும்போது வரும் பாஸ்கா விருந்தும் அதே நூலில் இயல்பாக வருகின்றன. யாரும் பாடம் நடத்துவதில்லை. மதத்தை விளக்குவதற்காகவே எழுதப்பட்ட நூலைவிட இப்படிப்பட்ட நூல் ஆழமாகப் பதியும்.

அடுத்தது ஐசக் பஷேவிஸ் சிங்கர். போலந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்து இத்திஷ் மொழியிலேயே எழுதியவர். 1978இல் இலக்கிய நோபல் பெற்றார். குழந்தைகளுக்கான அவருடைய முதல் நூல் ‘ஸ்லாட்டே த கோட்’ 1966இல் வந்தது. படங்கள் மாரிஸ் செண்டாக் வரைந்தவை. தலைப்புக் கதையில், பணமுடையால் ஆட்டைக் கசாப்புக்காரருக்கு விற்றுவிடச் சொல்லி மகனை அனுப்புகிறார் அப்பா. வழியில் பனிப்புயல். பையனும் ஆடும் ஒரு வைக்கோல் போருக்குள் ஒதுங்குகிறார்கள். ஆடு வைக்கோலைத் தின்னும், பையன் அதன் பாலைக் குடிப்பான். புயல் ஓய்ந்து வீடு திரும்பியபின் ஆட்டை விற்கும் பேச்சையே யாரும் எடுப்பதில்லை. ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கதைக்கு விளக்கம் எதுவும் தேவைப்படாது. அதே தொகுப்பில் செல்ம் என்ற ஊரின் அசட்டுப் பெரியவர்கள் வருகிறார்கள். பரமார்த்த குருவையும் சீடர்களையும் அறிந்த தமிழ்ப் பிள்ளை அவர்களைப் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொள்ளும்.

இன்னும் சிறியவர்களுக்கு சிம்ஸ் டபாக்கின் ‘ஜோசஃப் ஹேட் எ லிட்டில் ஓவர்கோட்’ போதும். கோட்டு கிழிய, அது குட்டைச் சட்டையாகி, மேலும் மேலும் சிறிதாகி, கடைசியில் ஒரு பொத்தானாகிறது. பக்கங்களில் ஓட்டை வெட்டி அமைத்த படநூல். 2000ஆம் ஆண்டின் கால்டிகாட் பதக்கம் பெற்றது.

படங்களை வைத்து ஒரு எச்சரிக்கை. ஒரு நூலில் யூதர் என்றாலே கறுப்புக் கோட்டும் நீண்ட தாடியும் மட்டுமே வந்தால், அதோடு இன்னொரு நூலும் சேர்த்து வாங்குங்கள். அந்த உடை சில பிரிவினருடையது. எத்தியோப்பியாவிலும் ஏமனிலும் ஈராக்கிலும் நூற்றாண்டுகளாக வாழ்ந்த யூதர்கள் உண்டு. நமக்குப் பக்கத்திலேயே கொச்சியும் இருக்கிறது. மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி ஜெப ஆலயம் 1568இல் கட்டப்பட்டது. அதற்கும் சுமார் ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே, பாஸ்கர ரவிவர்மன் என்ற அரசன் யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு உரிமைகள் வழங்கிப் பொறித்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளிலும் காணப்படும் எழுத்து அது. கேரளச் சுற்றுலா போகிற குடும்பம், போவதற்கு முன் சிங்கரையோ டெய்லரையோ படித்திருந்தால், அந்த ஜெப ஆலயத்தில் பிள்ளை நிற்கிற விதமே வேறாக இருக்கும்.

இன அழிப்பைப் பற்றிய நூல்கள்: வயதும் உண்மையும்

நாஜி ஜெர்மனி யூதர்களைக் கொன்றழித்த ஹோலோகாஸ்ட் என்னும் பேரழிவைப் பற்றிய நூல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வாஷிங்டனில் உள்ள அமெரிக்க ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம், ஆறாம் வகுப்பும் அதற்கு மேலும் உள்ள மாணவர்களுக்கே இதை முறையாகக் கற்பிக்கச் சொல்கிறது. எனக்கும் அந்த அளவு சரியாகவே படுகிறது. ஒன்பது பத்து வயதில் ஒரு பிள்ளை கேட்டால் ஜூடித் கெர்ரின் ‘வென் ஹிட்லர் ஸ்டோல் பிங்க் ராபிட்’ கொடுக்கலாம். 1971இல் வெளிவந்தது. கெர் பெர்லினில் பிறந்தவர். அப்பா ஆல்ஃபிரட் கெர் பேர்பெற்ற நாடக விமர்சகர். 1933இல் குடும்பம் ஜெர்மனியை விட்டு வெளியேறியது. கதையில் வரும் அன்னாவுக்கு இரண்டு பொம்மைகளில் ஒன்றைத்தான் எடுத்துப்போக முடிகிறது. எதை விட்டுவிட்டு வந்தோம் என்ற வருத்தம் அவளோடு சுவிட்சர்லாந்து, பாரிஸ், லண்டன் என்று கூடவே போகிறது. வதைமுகாம் கதைக்குள் வருவதில்லை. இருந்தும் வீடு பறிபோவதன் பொருள் பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

பத்திலிருந்து பன்னிரண்டு வயதுக்கு லோயிஸ் லோரியின் ‘நம்பர் த ஸ்டார்ஸ்’. 1989இல் வந்து மறு ஆண்டு நியூபெரி பதக்கம் பெற்றது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வரலாற்றுப் புனைகதையைச் சோதிக்கும் முறையை இந்த ஒரு நூலை வைத்தே கற்றுக்கொள்ளலாம். 1943, ஜெர்மனி ஆக்கிரமித்திருந்த டென்மார்க்கின் கோபன்ஹேகன். பத்து வயது ஆன்மரியின் வீட்டில் அவளுடைய யூதத் தோழி எல்லன், மகள்போல நடித்துத் தங்குகிறாள். நள்ளிரவில் ஜெர்மானியப் படையினர் கதவைத் தட்டுகிறார்கள். எல்லன் கழுத்தில் இன்னும் தாவீதின் நட்சத்திரச் சங்கிலி. கழற்ற நேரமில்லை, ஆன்மரி அதை அறுத்துக் கைக்குள் மூடிக்கொள்கிறாள். அவர்கள் போனபின் கையைத் திறந்தால் நட்சத்திரத்தின் தடம் உள்ளங்கையில் பதிந்திருக்கிறது.

இந்த நூலைக் கையில் எடுத்தால் கடைசிப் பக்கங்களை முதலில் படியுங்கள். எது நடந்தது, எது தன் கற்பனை என்று லோரி அங்கே பிரித்துச் சொல்கிறார். கதையில், யூதர்கள் தப்பிச் செல்லும் படகுகளைச் சோதிக்க வரும் மோப்ப நாய்களின் மூக்கை மரத்துப்போகச் செய்ய ஒரு கைக்குட்டை வருகிறது. படிக்கிறவருக்குக் கட்டிவிட்ட கதை என்றே தோன்றும். ஆனால் காய்ந்த முயல் ரத்தமும் கொக்கெய்னும் கலந்து அப்படி உண்மையிலேயே செய்தார்கள். ஆன்மரிதான் கற்பனை. பிள்ளைகளுக்கான வரலாற்றுக் கதை எதுவானாலும் இந்தப் பின்னுரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த நூலை வரலாற்று அலமாரியில் வைக்காமல் கதை அலமாரியில் வையுங்கள்.

டென்மார்க்கில் 7,000க்கும் மேற்பட்ட யூதர்கள் மீன்பிடிப் படகுகளில் சுவீடனுக்குத் தப்பினார்கள். பிடிபட்டவர்கள் சுமார் 470 பேர். லோரியின் நூலை மட்டும் படித்த பிள்ளை, எல்லா நாட்டிலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இப்படித்தான் காப்பாற்றினார்கள் என்று நம்பிவிடும். அது பெரிய பிழையில் கொண்டுபோய் விடும். ஆகவே ஓரிரு வருடம் கழித்து ஆன் ஃபிராங்க்கின் நாட்குறிப்பைக் கொடுக்கும்போது இரண்டு நாடுகளையும் வரைபடத்தில் காட்டுங்கள். நெதர்லாந்தின் யூதர்களில் சுமார் முக்கால் பங்கினர் கொல்லப்பட்டார்கள். ஏன் இந்த வேறுபாடு என்று பிள்ளையே கேட்கும். சுவீடன் கூப்பிடு தூரத்தில் இருந்தது, எச்சரிக்கை முன்கூட்டியே கசிந்தது, நெதர்லாந்தில் ஆக்கிரமிப்பு நிர்வாகம் வேறு வகையில் இறுகியிருந்தது என்று பல காரணங்கள் உண்டு. அந்தக் கேள்வி எழுந்துவிட்டால் அன்றே பிள்ளை வரலாறு படிக்கத் தொடங்கிவிட்டது.

ஆனின் நாட்குறிப்பை எல்லோரும் அறிவார்கள், ஆகவே பதிப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன். 1942 ஜூன் 12, பதின்மூன்றாம் பிறந்தநாளில் கிடைத்த நோட்டு. 1944 ஆகஸ்ட் 4 அன்று பிடிபடும் வரை, எட்டுப் பேர் ஒளிந்திருந்த ஆம்ஸ்டர்டாம் வீட்டில் எழுதியது. போருக்குப்பின் இப்படிப்பட்ட குறிப்புகளை வெளியிட வேண்டும் என்று வானொலியில் ஒரு டச்சு அமைச்சர் பேசியதைக் கேட்டு, ஆன் தானே தன் எழுத்தைத் திருத்தி மறுபடி எழுதத் தொடங்கினாள். இதைச் சொல்லாத முன்னுரை அவளை வெறும் பலிகடாவாக ஆக்கிவிடுகிறது. அவள் எழுத்தாளர் ஆக வேண்டும் என்ற தெளிவோடு உழைத்தவள். 1947இல் அப்பா ஓட்டோ ஃபிராங்க் வெளியிட்ட முதல் பதிப்பில் பல பகுதிகள் விடப்பட்டிருந்தன. 1990களில் வந்த விரிந்த பதிப்பில் அவை சேர்ந்தன. தமிழிலும் இந்நூல் வந்திருக்கிறது. வாங்கும்முன் அது முழு மொழிபெயர்ப்பா, சுருக்கமா என்று பாருங்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்கு முழு நூலே ஏற்றது. அம்மாவோடு அவளுக்கு உள்ள மனத்தாங்கலும், உடலைப் பற்றிய அவள் வியப்பும் அந்த வயதுப் பெண் பிள்ளைகளுக்கு மிக நெருக்கமானவை. அவற்றை வெட்டி எறிந்த பதிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நம் பள்ளிகளில் அடிக்கடி காணும் இன்னொரு நூல் ஜான் பாய்னின் ‘த பாய் இன் த ஸ்ட்ரைப்டு பைஜாமாஸ்’, 2006. திரைப்படமாகவும் வந்ததால் ஆசிரியர்கள் நல்லெண்ணத்தோடு இதையே முதலில் கொடுக்கிறார்கள். இதை வரலாறு கற்பிக்கப் பயன்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முகாம் தளபதியின் ஒன்பது வயது மகன் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் யூதச் சிறுவனோடு நாள்தோறும் உட்கார்ந்து பேசுகிறான். ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த வயதுக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் வந்த அன்றே கொல்லப்பட்டார்கள். வேலியில் மின்சாரம் பாய்ந்தது, காவல் கோபுரங்கள் இருந்தன. நாஜி அதிகாரியின் வீட்டுப் பையனுக்கு யூதர் என்றால் யார் என்றே தெரியாமல் இருப்பதற்கு வழியில்லை. பள்ளிப் பாடத்திலேயே வெறுப்பைக் கற்பித்தார்கள். இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது கதையின் முடிவு. வாசகரின் கண்ணீர் தளபதியின் மகனுக்காக வழிகிறது. அவனோடு இறக்கும் யூதச் சிறுவன் துணைப் பாத்திரமாக நின்றுவிடுகிறான். இந்த வரலாற்றைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் இந்நூலைத் தவிர்க்க வேண்டும் என்று ஆஷ்விட்ஸ் நினைவு அருங்காட்சியகமே 2020 ஜனவரியில் வெளிப்படையாகச் சொன்னது. பிள்ளை ஏற்கெனவே படித்துவிட்டிருந்தால் பிடுங்க வேண்டாம். அடுத்ததாக கேரன் லெவினின் ‘ஹானாஸ் சூட்கேஸ்’ நூலைக் கொடுங்கள். டோக்கியோவில் ஒரு சிறிய கல்வி மையத்துக்கு ஆஷ்விட்ஸிலிருந்து ஒரு பெட்டி வருகிறது. அதன்மேல் ஹானா பிரேடி என்ற பெயர். யார் இந்தப் பெண் என்று ஜப்பானியப் பிள்ளைகள் கேட்க, மையத்தை நடத்திய ஃபுமிகோ இஷியோகா தேடிப் புறப்பட்டு, செக் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் வளர்ந்து 1944இல் கொல்லப்பட்ட ஹானாவையும், கனடாவில் உயிரோடு இருந்த அவள் அண்ணனையும் கண்டடைகிறார். அந்தப் பெட்டி தீயில் அழிந்த மூலப்பெட்டியின் நகல் என்பது பிற்பாடு தெரியவந்தது. அதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சான்றுகளைச் சரிபார்த்துக்கொண்டே இருப்பதுதான் வரலாற்றாசிரியரின் வேலை.

எலீ வீசலின் ‘நைட்’, ஆர்ட் ஸ்பீகல்மனின் படக்கதை ‘மௌஸ்’ இரண்டும் பதினைந்து வயதுக்கு மேல். பூனை, எலி படங்களைப் பார்த்துவிட்டு ‘மௌஸ்’ சிறுவர் நூல் என்று நினைத்துவிட வேண்டாம். பெரியவர் ஒருவர் முன்பே படித்து, பிள்ளை படித்து முடிக்கிற நாட்களில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இந்த வரலாற்றை வகுப்பில் நடித்துக் காட்டுவது, பிள்ளைகளைக் கைதிகளாகவும் காவலர்களாகவும் பிரிப்பது ஆகியவை வேண்டவே வேண்டாம். மேலே சொன்ன வாஷிங்டன் அருங்காட்சியகமும் இதைத் தவிர்க்கவே சொல்கிறது. அது பிள்ளையைக் காயப்படுத்தும், அல்லது விளையாட்டாக முடிந்துவிடும்.

வாழ்க்கை வரலாறுகள்

சிறுவருக்கான வாழ்க்கை வரலாற்றில் நான் முதலில் பார்ப்பது மேற்கோள் குறிகளை. எழுத்தாளர் எங்கே கேட்டார் இந்த உரையாடலை? கடிதம், நாட்குறிப்பு, நேர்காணல் என்று ஆதாரம் இருந்தால் சரி. ஐந்து வயது ஐன்ஸ்டைனும் அவர் அப்பாவும் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டால், அது கதை.

ஐன்ஸ்டைனையே எடுத்துக்கொள்வோம், தமிழில் அவரைப் பற்றிச் சிறு நூல்கள் நிறைய உண்டு. இரண்டு இடங்களைப் புரட்டிப் பாருங்கள். அவர் கணக்கில் தோற்றவர் என்று எழுதியிருந்தால் நூலைத் திரும்ப வைத்துவிடலாம். அது பொய், சிறு வயதிலேயே கணிதத்தில் அவர் கெட்டி. அடுத்து, 1933ஐப் பாருங்கள். ‘பின்னர் அமெரிக்காவில் குடியேறினார்’ என்று ஒரே வரியில் கடந்திருந்தால், அவர் யூதர் என்பதையும் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததால்தான் நாடு திரும்பவில்லை என்பதையும் நூல் மறைக்கிறது. வாழ்க்கையின் நடுத்தண்டையே எடுத்துவிட்ட நூல் அது.

இந்தியப் பிள்ளைகள் கட்டாயம் அறிய வேண்டியவர் வால்டெமார் ஹாஃப்கின். ஒடெசாவில் பிறந்த யூதர். பம்பாயில் பிளேக் பரவியபோது தடுப்பூசி உருவாக்கி, 1897 ஜனவரியில் முதலில் தன் உடம்பிலேயே போட்டுச் சோதித்தார். 1902இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸால் இறந்தார்கள். பழி அவர்மேல் விழுந்து பதவி போனது. அவர்மேல் தவறில்லை என்பது நிலைநாட்டப்பட ஆண்டுகள் ஆயின. மும்பையில் அவர் பெயரில் இன்றும் நிறுவனம் இருக்கிறது. அவரைப் பற்றிய நூலில் முல்கோவால் இல்லையென்றால் அது முழுமையான நூல் அல்ல.

மேல்நிலை வேதியியலில் ஹேபர் முறையைப் படிக்கும் மாணவருக்கு ஃபிரிட்ஸ் ஹேபரின் வாழ்க்கையைக் கொடுங்கள். காற்றிலிருந்து உரம் செய்ய வழி கண்டவர், முதல் உலகப் போரில் நச்சு வாயுவைக் களத்தில் இறக்கியவர், ஜெர்மனிக்காக எல்லாம் செய்தும் யூதப் பிறப்பினால் 1933இல் பதவி துறந்து வெளியேறியவர். மகான்களின் வரலாறே படித்துப் பழகிய பதினாறு வயதுக்கு இப்படி ஒரு மனிதர் தேவை.

யானுஷ் கோர்ச்சாக்கின் பெயர் நம் நூலகங்களில் அரிதாகவே தென்படுகிறது. வார்சாவில் யூத அனாதைக் குழந்தைகளின் இல்லத்தை நடத்திய மருத்துவர், எழுத்தாளர். யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதிக்குள் பசியும் நோயும் சூழ்ந்த 1942 ஜூலையில், தன் குழந்தைகளை வைத்து அவர் மேடையேற்றியது தாகூரின் ‘அஞ்சலகம்’ நாடகத்தை. சன்னலோரம் படுத்தபடி அரசனின் கடிதத்துக்காகக் காத்திருக்கும் அமல் என்ற சிறுவனின் கதை. சில வாரங்களில் சுமார் 200 குழந்தைகளோடு அவரும் ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். தப்பிக்கக் கிடைத்த வாய்ப்புகளை மறுத்துவிட்டு அவர்களோடேயே போனார். தாகூரின் நாடகத்தைப் பிள்ளைகள் படிக்கிற அதே வாரத்தில் இவரைப் பற்றிய நூலையும் வைத்தால், இரண்டும் ஒன்றையொன்று திறக்கும்.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் பேசியாக வேண்டும். நம் புத்தகக் கடைகளில் தலைவர்கள், சாதனையாளர்கள் வரிசையிலேயே ஹிட்லரும் நிற்கிறார். அவர் எழுதிய ‘எனது போராட்டம்’ தமிழில் கிடைக்கிறது. விடாமுயற்சிக்கும் பேச்சாற்றலுக்கும் எடுத்துக்காட்டாக அவரைச் சொல்லும் மலிவு நூல்கள் பதின்ம வயதுப் பையன்களின் கையில் எளிதில் சேர்கின்றன. அப்படிப்பட்ட நூலைப் பள்ளிக்கு வாங்காதீர்கள். அன்பளிப்பாக வந்தாலும் அலமாரியில் ஏற்றாதீர்கள். பையனின் ஆர்வத்தை மட்டும் அவமதிக்க வேண்டாம். சூசன் கேம்ப்பெல் பார்டொலெட்டியின் ‘ஹிட்லர் யூத்’ (2005) அவனுக்கு ஏற்றது. ஒரு தலைமுறைச் சிறுவர்களை அந்த இயக்கம் எப்படி வளைத்தது என்பதை அவர்கள் வாயாலேயே சொல்கிறது. தடைசெய்யப்பட்ட வானொலியைக் கேட்டுத் துண்டறிக்கை பரப்பியதற்காக 17 வயதில் தலை துண்டிக்கப்பட்ட ஹெல்முத் ஹ்யூபெனரும் அதில் இருக்கிறான். தன் வயதுப் பையன் ஒருவன் செய்ததைப் படித்தபின், தலைவர் வழிபாடு எடுபடாது.

வாங்கும்போது

யூத நூலகர்களின் சங்கம் 1968 முதல் வழங்கும் சிட்னி டெய்லர் விருது நல்ல வழிகாட்டி. சிறுவர், இடைநிலை வகுப்பினர், இளையோர் என்று தனித்தனியாகத் தருகிறார்கள். பழக்கவழக்கங்களில் பிழை இருந்தால் அந்தக் குழுவின் கண்ணுக்குத் தப்பாது. ஆனாலும் விருது முத்திரையைப் பார்த்து மட்டும் வயதைத் தீர்மானிக்காமல், நடுவிலிருந்து இருபது பக்கமாவது நீங்களே படியுங்கள்.

இஸ்ரேல், பாலஸ்தீனச் செய்திகளைக் கேட்டுவிட்டு வரும் பிள்ளை, இந்த நூல்களைப் பார்த்ததும் அதைப் பற்றியும் கேட்கும். தட்டிக்கழிக்காதீர்கள். ஒரு அரசு செய்வதற்கு 1912இன் நியூயார்க் சிறுமியோ 1942இன் ஆம்ஸ்டர்டாம் சிறுமியோ பொறுப்பில்லை என்று சொல்லுங்கள். பாலஸ்தீனக் குழந்தைகளின் வாழ்வைச் சொல்லும் நூல்களையும் அதே நூலகத்தில் வையுங்கள். ஒரு துயரத்தைப் படிப்பதற்கு இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை.

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் கிடைக்கின்றன. ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைக்கு வாய்மொழியே வழி. டபாக்கின் கோட்டுக் கதையைப் படத்தைக் காட்டித் தமிழிலேயே சொல்லிவிடலாம். பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான். சிங்கரின் ஆட்டுக் கதைக்கு ஒரு மாலைப்பொழுது போதும். டெய்லரை வாரம் ஒரு அத்தியாயமாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் தனிக்கதையாகவே நிற்கும். தொடங்குவதற்கு முன் நியூயார்க்கையும் வார்சாவையும் உலக வரைபடத்தில் தொட்டுக் காட்டி, நடந்த ஆண்டைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள்.